எடை எங்கே இருக்க வேண்டும்: ஷமோனியில் ஸ்கீ தேடிய நாட்கள்

வியாழன், ரயிலில்

எடை குறைந்த ஸ்கீயா, கனமான ஸ்கீயா? போன சீசன் முழுக்க இந்தக் கேள்வி மனதில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த முறை மலையிலேயே பதில் தேடிவிடுவது என்று கிளம்பியாயிற்று. பழைய ஜோடியின் இரும்பு விளிம்பு ஒரு பக்கம் பிய்ந்துவிட்டது, இனி ஒட்டிப் பயனில்லை. புதிது வாங்கியே ஆக வேண்டும். வாங்கினால் ஏழெட்டு வருடம் அதோடுதான் வாழப் போகிறேன், அதனால் கடையில் கையில் தூக்கிப் பார்த்து முடிவு செய்ய மனம் வரவில்லை.

ஸ்கீ பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஸ்கீ என்பது பனியில் சறுக்கக் காலில் மாட்டும் நீளப் பலகை. எந்திரம் ஓட்டிச் சமப்படுத்திய பாதைக்குப் பிஸ்ட் என்று பெயர். அதற்கு வெளியே, பனி எப்படி விழுந்ததோ அப்படியே கிடக்கும் சரிவில் இறங்குவது ஆஃப் பிஸ்ட். அங்கே லிஃப்ட் இருக்கும் வரை லிஃப்ட்டில் ஏறலாம், இல்லாத இடத்தில் ஸ்கீயின் அடியில் ஸ்கின் என்ற பட்டையை ஒட்டிக்கொண்டு நடந்து ஏற வேண்டும். அதன் ரோமம் ஒரே திசையில் படிந்திருப்பதால் முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. ஏறும்போது எடை குறைவு வேண்டும், இறங்கும்போது எடை வேண்டும், ஆனால் காலில் இருப்பது ஒரே ஜோடி. மொத்தச் சிக்கலும் அதுதான்.

சுவிட்சர்லாந்தின் மார்ட்டினியில் ஏறியிருக்கிறேன். இந்தச் சின்ன ரயில் 1906 முதல் இந்த மலையில் ஏறிக்கொண்டிருக்கிறது. வெர்னயா தாண்டியதும் பல்சக்கரம் பிடித்துக்கொண்டு செங்குத்தாகப் போகிறது, ஜன்னலுக்குக் கீழே பள்ளத்தாக்கு மடமடவென்று இறங்கிவிடுகிறது. வாலோர்சினில் வண்டி மாறி, பிரான்ஸின் மலையூரான ஷமோனி. மச்சான் அங்கே நேற்றே வந்துவிட்டான். அவன் முழுக்க எடை குறைந்த ஸ்கீ பக்கம். "மச்சான், உன் ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு ஏறுவதைவிட உன்னைத் தூக்கிக்கொண்டு ஏறலாம்" என்று செய்தி அனுப்பியிருக்கிறான்.

வெள்ளி, கிராண் மோன்டே

இன்று கனமான ஜோடி. நண்பரிடம் இரவல் வாங்கியது. ஒரு ஸ்கீ 2,150 கிராம், அதன் மேல் 900 கிராம் பைண்டிங் (காலணியை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் கருவி), ஆக ஒரு காலுக்கு மூன்று கிலோவுக்குச் சற்று மேல். மச்சானுடையது ஸ்கீ 1,250, பைண்டிங் 350, மொத்தம் 1,600. இரண்டு கால்களையும் சேர்த்தால் எங்களுக்கு இடையே வித்தியாசம் 2.9 கிலோ.

ஆர்ஜென்டியரிலிருந்து கொண்டோலாவில், அதாவது கம்பியில் தொங்கிப் போகும் சிறு கூண்டில், ஏறினோம். இந்த மலையில் எடைப் பேச்சு சூடாக இருப்பதற்குக் காரணம் உண்டு. முன்பு லொஞான் நிலையத்திலிருந்து 3,275 மீட்டர் உச்சி வரை கேபிள் கார் போனது. 2018 செப்டம்பரில் அந்த நிலையத்தில் தீப்பிடித்து எல்லாம் போயிற்று. அதுவரை இங்கே வந்தவர்கள் ஏறுவதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டியதில்லை, கேபிள் கார் தூக்கிப் போய்விடும், ஆளுயர அகல ஸ்கீயில் இரண்டாயிரம் மீட்டர் இறங்கலாம். தீக்குப் பிறகு உச்சி வேண்டுமென்றால் ஸ்கின் ஒட்டு என்றாகிவிட்டது. ஒரே மலை, ஒரே பனி, ஆனால் லிஃப்ட் போனதும் சரியான ஸ்கீ எது என்பதே மாறிவிட்டது. வாங்கப் போகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது: நீ இறங்கும் உயரத்தில் எவ்வளவு பங்கை லிஃப்ட் ஏற்றித் தருகிறது?

பனி பற்றி. இரண்டு நாள் முன்பு நன்றாக விழுந்திருக்கிறது. ஆனால் அதற்குள் நூறு பேர் குறுக்கும் நெடுக்குமாக உழுதுவிட்டார்கள், வெயில் பட்டு, இரவில் இறுகி, மேடும் பள்ளமும் கட்டியுமாகக் கிடந்தது. படங்களில் வரும் பவுடர், அதாவது யாரும் மிதிக்காத மென்பனி, வருடத்தில் சில காலைகள்தான், மீதியெல்லாம் இந்த உழுத பனிதான். இதில்தான் கனமான ஸ்கீ தன் வேலையைக் காட்டியது. கட்டிமேல் மோதும்போது ஸ்கீ விலகவில்லை, கட்டி விலகியது. முழங்காலுக்கு வரும் அதிர்ச்சி பாதி வழியிலேயே ஸ்கீயில் செத்துப்போகிறது. திரும்ப நினைத்த இடத்தில் திரும்பினேன், அவ்வளவுதான், வேறு எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மச்சான் என்னைவிட நன்றாக ஸ்கீ செய்வான், சிறு வயதிலேயே கற்றவன். அவனே இன்று வேகத்தைக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டியையும் பார்த்துப் பார்த்து இறங்கினான். அவனுடைய ஸ்கீ முனை நடுங்குவது மேலேயிருந்து பார்த்தாலே தெரிந்தது. ஒரே மோதல், அரைப்பங்கு எடை, அப்படியென்றால் தள்ளாட்டம் கூடத்தான் செய்யும், இதில் மாயம் ஒன்றுமில்லை.

மதியத்துக்குப் பிறகு லிஃப்ட் விட்ட இடத்திலிருந்து பனியாறு தொடங்கும் வரம்புவரை ஸ்கின் ஒட்டி ஏறினோம். மேலே பிளவுகள் இருக்கும், கயிறும் அதைக் கட்டும் இடுப்புப் பட்டையும் இல்லாமல் போகக் கூடாது, அதனால் அத்தோடு நிறுத்தம். நேராக ஏறும்வரை பெரிய கஷ்டமில்லை, ஸ்கீ தரையில் வழுக்கிக்கொண்டு வருகிறது, யாரும் தூக்கவில்லை. வளைந்து திரும்பும் இடங்களில்தான் ஒரு காலை ஸ்கீயோடு உயர்த்தி, உதறி, எதிர்ப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். மூன்று கிலோவை அப்படி உதற இடுப்பு பதில் சொல்கிறது. மச்சான் மேலே போய் உட்கார்ந்து பிளாஸ்க்கில் இருந்த இஞ்சித் தேநீரை எனக்காக ஊற்றி ஆறவைத்துக்கொண்டிருந்தான்.

சனி, வாலோர்சின்

கடையில் எடை குறைந்த செட் வாடகைக்கு எடுத்தேன். கிட்டத்தட்ட மச்சானுடையதைப் போன்றதே. வாலோர்சின் கொண்டோலாவில் பாதி, அங்கிருந்து லிஃப்டைத் தொடாமல் ஸ்கின்னில் தெத் டி பால்ம், 2,321 மீட்டர். சுவிஸ் எல்லை அந்த முகட்டின் மேலேயே போகிறது.

ஏறுவது சுகம். உண்மையான சுகம். மச்சானோடு பேசிக்கொண்டே ஏறினேன், திருப்பங்களில் கால் தானாகப் போய் உட்கார்ந்தது. ஒன்றரை மணி நேர ஏற்றத்துக்குப் பிறகும் இன்னும் ஏறலாம் என்று இருந்தது.

வழியில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 2.9 கிலோவை ஆயிரம் மீட்டர் உயர்த்த வேண்டிய ஆற்றல் சுமார் 28 கிலோ ஜூல், அதாவது ஏழு கிலோ கலோரிக்குள். தசை தன் ஆற்றலில் கால்வாசியைத்தான் வேலையாக மாற்றும் என்று வைத்தாலும் முப்பதுக்குள் முடிகிறது, ஒரு வாழைப்பழத்தில் மூன்றில் ஒரு பங்கு. இதைச் சொன்னதும் மச்சான் ஒப்புக்கொள்ளவில்லை, ஒப்புக்கொள்ளவும் கூடாது. எடையை மேலே தூக்குவது ஒரு செலவு. அதை ஒவ்வொரு அடியிலும் முன்னே இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுப்பது வேறு செலவு. காலில் உள்ள எடை முதுகில் உள்ள எடையைவிட அதிகம் களைக்க வைப்பது அதனால்தான். ஆனால் அதிலும் ஒரு பிரிவு இருக்கிறது. ஸ்கீ பெரும்பாலும் வழுக்கி வருகிறது. பூட், அதாவது ஸ்கீ காலணி, ஒவ்வொரு அடியிலும் காலோடு தூக்கப்படுகிறது. ஆக, ஒரே 400 கிராமை எங்கே குறைக்கிறோம் என்பதில் கதை இருக்கிறது. இதை இன்று கால் வழியாகவே உணர்ந்தேன். நேற்றைய சோர்வில் பாதி பூட்டிலிருந்து வந்தது, ஏனென்றால் நேற்று போட்டது இறக்கத்துக்கான விறைப்பான பூட், கணுக்கால் அவ்வளவாக மடங்காது.

வடக்குச் சரிவு. வெயில் படாத பக்கம், பவுடர் அப்படியே இருந்தது, முழங்கால் வரை. எடை குறைந்த ஸ்கீ இங்கே மோசமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இல்லை. மிதப்பது எடையால் அல்ல, பரப்பாலும் வடிவத்தாலும். முனை மேல்நோக்கி வளைந்திருந்தால் பனிக்குள் புதையாது. இந்த வடிவத்தைத் துணிச்சலாகக் கொண்டுவந்தவர் ஷேன் மெக்கான்கி. 2002 வாக்கில் வோலன்ட் நிறுவனத்தில் அவர் வடிவமைத்த ஸ்பாட்யுலா என்ற ஸ்கீ, நடுப்பகுதி கீழே, இரு முனையும் மேலே என்று தலைகீழ் வளைவோடு வந்தது. வெறும் தண்ணீர்ச் சறுக்குப் பலகை என்று அன்று நினைத்தவர்கள் உண்டு, இன்று அந்த வளைவு ஓரளவாவது இல்லாத ஆஃப் பிஸ்ட் ஸ்கீயே கிடைக்காது. நல்ல பனியில் எடை என்ற விஷயமே மறந்துபோகிறது. அந்த முந்நூறு மீட்டரில் நான் சத்தமாகச் சிரித்தேன், மரங்களுக்குத்தான் கேட்டிருக்கும்.

அப்புறம் 1,600 மீட்டருக்குக் கீழே வந்தோம். மேலே மெல்லிய ஓடு, உள்ளே ஈரமான மாவு. ஓடு தாங்குமா உடையுமா என்பது ஒவ்வொரு திருப்பத்திலும் தெரியாது. ஸ்கீ முனை ஓட்டுக்கு அடியில் மாட்டும், விடுபடும், திடீரென்று குறுக்கே போகும். கனமான ஸ்கீயாக இருந்தால் உடைத்துக்கொண்டு போயிருக்கும். இதில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் குதித்து இரண்டு ஸ்கீயையும் காற்றில் திருப்பி இறக்கினேன். எடை குறைந்ததில் குதிப்பது எளிது, அந்த உதவியை மறுக்க முடியாது, மச்சான் அதை வைத்துத்தான் அழகாக இறங்கினான். ஆனால் அவன் கற்றது ஏழு வயதில், நான் முப்பதைத் தாண்டி. ஏறும்போது மிச்சப்படுத்திய தொடையின் பலம் முழுவதும் கடைசி இருநூறு மீட்டரில் செலவானது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். புதிதாக ஆஃப் பிஸ்ட் வருகிறவரிடம் "எடை குறைவாக எடு, களைப்பு வராது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இது தப்பான ஆலோசனை. எடை குறைந்த ஸ்கீ கை தேர்ந்தவருக்கு உரியது. பனி கெட்டுப்போன இடத்தில் ஸ்கீ செய்யாததை ஆள் செய்ய வேண்டும், அந்தத் திறமை இன்னும் வராதவருக்குக் கனம்தான் காவல்.

ஞாயிறு, கடையில்

தெற்கிலிருந்து காற்று. ஊரில் மிதமான வெப்பம், மேலே புயல். எய்குய் டு மிடி கேபிள் காரும் மூடிவிட்டார்கள். 1955 முதல் மக்களை 3,777 மீட்டர் வரை தூக்கிக்கொண்டு போகும் அந்த வண்டி காற்றில் ஆடாமல் கம்பியில் சும்மா நின்றது. மலை வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

சரி என்று கடைக்காரரோடு அரை நாள். பெரியவர், ஸ்கீயைத் தட்டிப் பார்த்தே உள்ளே என்ன மரம் என்று சொல்கிறார். என் கேள்விகளுக்குப் பொறுமையாகக் குறுக்கு வெட்டு மாதிரிகளை எடுத்துக் காட்டினார். எடை குறைந்ததில் பாலோனியா மரம், கார்பன் இழை. நடுத்தரத்தில் பாப்லர். கனமானதில் ஆஷ், பீச், மேலும் கீழும் டைட்டனால் என்ற அலுமினியக் கலவைத் தகடு, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன். கார்பன் விறைப்பைத் தரும், ஆனால் அதிர்வை அப்படியே காலுக்கு அனுப்பும். உலோகத் தகடு அதிர்வைத் தின்னும். அதனால் இரண்டு ஸ்கீ ஒரே விறைப்பாக இருந்தாலும் உணர்வு வேறாக இருக்கிறது. எடைச் சீட்டை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தேவைப்படவில்லை.

பைண்டிங் பேச்சு நீண்டது. பூட்டின் முன்நுனியில் இரண்டு குழிகள், அதில் இரண்டு ஊசிகள் கவ்வும் இந்த முறையை 1980களில் உருவாக்கியவர் ஆஸ்திரியாவின் ஃப்ரிட்ஸ் பார்ட்டெல், அதைப் பின்னர் உலகெங்கும் கொண்டுபோனது டைனாஃபிட் நிறுவனம். எடை ஒரேயடியாகக் குறைந்தது. அதற்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், சாதாரண பைண்டிங்கில் கால் முறுகும்போது முன்பக்கம் திறந்துவிடும், ஊசி வகையில் பெரும்பாலும் குதிகால் பக்கம்தான் பக்கவாட்டில் விடும், மோதலை உள்வாங்கித் திரும்பும் தாராளமும் குறைவு. கட்டிப் பனியில் வேகமாகப் போகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல. 2018 இல் சாலமன் கொண்டுவந்த ஷிஃப்ட் ஏறும்போது ஊசியாகவும் இறங்கும்போது வழக்கமான பைண்டிங்காகவும் மாறுகிறது. நான் வெள்ளியன்று சுமந்த 900 கிராம் அதுதான்.

பெரியவர் ஸ்கீயை விற்க அவசரப்படவில்லை. "முதலில் பூட்டைக் காட்டுங்கள்" என்றார். பார்த்துவிட்டு, ஒரு பூட் 1,350 கிராமில், கணுக்கால் நன்றாக முன்னும் பின்னும் போகும் ஒன்றை எடுத்து மாட்டச் சொன்னார். பழையது 1,900. ஒரு காலுக்கு 550 கிராம் அங்கேயே போய்விட்டது, அதுவும் ஒவ்வொரு அடியிலும் தூக்கப்படும் எடை. இறங்கும்போது விறைப்பு கொஞ்சம்தான் குறைகிறது. மச்சான் இதைக் கேட்டுத் தலையாட்டினான், முதல்முறையாக இருவரும் ஒரே பக்கம்.

நாளைக்குச் சோதிக்க ஒரு ஜோடி தந்தார்: 1,650 கிராம், இடுப்பளவு (ஸ்கீயின் நடு அகலம்) 98 மில்லிமீட்டர், பாப்லர் மரம், காலுக்கு அடியில் மட்டும் டைட்டனால். அதன் மேல் 550 கிராம் ஊசிப் பைண்டிங்.

திங்கள், க்ரோஷு–பெரார்

காலை ஆறு மணிக்குப் பார்த்த மெத்தியோ பிரான்ஸ் (பிரான்ஸின் வானிலை நிறுவனம்) அறிக்கை: பனிச்சரிவு ஆபத்து காலையில் ஐந்துக்கு 2, மதியத்தில் வெயில் பக்கங்களில் 3. காற்று அடித்த இடங்களில் கவனம். வழிகாட்டி அம்மா ஒருவரோடு போனோம், இந்தப் பள்ளத்தாக்கிலேயே வளர்ந்தவர். புறப்படும் முன், பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டறியும் டிரான்ஸீவர் கருவியை ஒவ்வொன்றாகச் சோதித்தார், மண்வாரியும் பனிக்குள் குத்தித் தேடும் நீளக்கம்பியும் பையில் இருக்கிறதா என்று திறந்தே பார்த்தார். அது எந்த ஸ்கீ விவாதத்துக்கும் முன்னால் வர வேண்டியது. இந்த மூன்றும் இல்லாமல், பயன்படுத்தப் பழகாமல், பிஸ்ட்டைத் தாண்டாதீர்கள்.

ஃப்ளெஜேரில் ஏறி, அங்கிருந்து ஆன்டெக்ஸ் லிஃப்ட், 2,396 மீட்டர். அங்கே ஸ்கின் ஒட்டி கோல் டி க்ரோஷு என்ற கணவாய், 2,701. கடைசிப் பகுதி செங்குத்து, ஸ்கீயைக் கழற்றிப் பையில் கட்டிக்கொண்டு பூட்டால் படி வெட்டி ஏறினோம். இங்கே ஸ்கீ காலில் இல்லை, முதுகில், அப்போது எடை முழுதாகத் தெரிகிறது. வெள்ளியன்று இருந்த ஜோடியை இங்கே சுமந்திருந்தால் தோள் பட்டை அறுத்திருக்கும். இந்த ஜோடி பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருந்தது.

அப்பால் ஒரு சறுக்கு, குறுக்கே நீண்ட நடை, மறுபடி ஏறி கோல் டி பெரார், 2,460. பின்னால் திரும்பினால் மோன் பிளாங்க் முழு உருவமாக எதிரே. வழிகாட்டி அம்மாவின் ஸ்கீயைப் பார்த்தேன், 1,400 கிராம் வகை. ஏன் இது என்று கேட்டேன். "நான் வாரத்தில் ஐந்து நாள் ஏறுகிறேன், கயிறும் மருந்துப்பையும் சுமக்கிறேன். நீங்கள் வருடத்துக்குச் சில வாரம் வருகிறீர்கள். என்னைப் பார்த்து வாங்காதீர்கள்" என்றார். கூடவே இன்னொன்றும்: விழுகிறவர்கள் பெரும்பாலும் கடைசி மணி நேரத்தில், கால் களைத்த பிறகு, கெட்ட பனியில் விழுகிறார்கள், அதனால் அந்த நேரத்துக்கு ஏற்ற ஸ்கீயை எடுங்கள்.

பெரார் பள்ளத்தாக்கில் லெ புயே ரயில் நிலையம் வரை ஆயிரத்து நூறு மீட்டர் இறக்கம். மேலே காற்று அடித்து இறுகிய பலகை, அதற்குக் கீழே நிழலில் மிச்சமிருந்த பவுடர், நடுவில் வெயிலில் மேல்பரப்பு மட்டும் இளகிய வசந்தப் பனி, கடைசியில் ஓடையோரக் காட்டில் மேடு பள்ளமாக உறைந்த தடம். ஒரே இறக்கத்தில் இந்தப் பருவம் காட்டக்கூடியதையெல்லாம் காட்டியது. இறுகிய பலகையில் விளிம்பு பிடித்தது, காலுக்கடியில் இருந்த தகட்டின் வேலை. பவுடரில் அகலமான ஸ்கீயின் ஆனந்தம் இல்லை, ஆனால் புதையவும் இல்லை. வசந்தப் பனியில் எதுவும் நன்றாகவே ஓடும். காட்டுத் தடத்தில் வெள்ளியன்று கிடைத்த அமைதி கிடைக்கவில்லை, முனை கொஞ்சம் அடித்தது, ஆனால் சனியன்று போலக் குதித்துக் குதித்து இறங்கவும் வேண்டியிருக்கவில்லை. தொடையில் பலம் பாக்கியோடு நிலையத்துக்கு வந்தேன். ரயில் வர நாற்பது நிமிடம், வெயிலில் பெஞ்சில் படுத்துவிட்டோம்.

"மச்சான், இது இரண்டும் கெட்டான் ஸ்கீ" என்றான் அவன். எனக்கு அப்படித் தெரியவில்லை. அவனுக்கு இருக்கும் கால் எனக்கு இல்லை, கனமான ஜோடியை இரவல் தந்த நண்பரைப் போல லிஃப்ட்டிலேயே ஏறி இறங்கும் வாழ்க்கையும் எனக்கு இல்லை. எடையைப் பூட்டிலும் பைண்டிங்கிலும் குறைத்துவிட்டு, அந்த மிச்சத்தை ஸ்கீயிலேயே விட்டுவைப்பதுதான் எனக்குச் சரியென்று படுகிறது.

செவ்வாய்

வாங்கியாயிற்று. நேற்றைய அதே மாடல், புது ஜோடி, 178 சென்டிமீட்டர். பூட்டும் அந்த 1,350 கிராம்தான், உள்ளுறையைச் சூடாக்கி என் காலுக்கு அச்செடுத்துத் தந்தார் பெரியவர். ஷிஃப்ட் வகையா ஊசியா என்பதில்தான் கடைசிவரை தயங்கினேன். லிஃப்ட்டிலேயே பெரும்பாலும் ஏறுகிறவராக இருந்தால் யோசிக்காமல் ஷிஃப்ட் எடுங்கள். நான் பாதி நாட்கள் நடந்து ஏறுகிறவன், ஊசியே போட்டேன், விடுபடும் அளவை என் எடைக்கும் உயரத்துக்கும் பூட் நீளத்துக்கும் ஏற்ப அவரே எந்திரத்தில் சோதித்து வைத்தார். இதை வீட்டில் திருகாணி வைத்துச் செய்யாதீர்கள்.

நேற்றைய பதிவைப் படித்துவிட்டு, வருடத்தில் ஒரு வாரம்தான் போகிறேன், எது வாங்க என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஸ்கீ வாங்காதீர்கள், பூட் மட்டும் வாங்குங்கள். ஸ்கீயை அந்தந்த நாளின் பனியைப் பார்த்து வாடகைக்கு எடுக்கலாம், கால் மட்டும் வாடகைக்குப் பொருந்தாது.

நாலு மணி ரயில். ஸ்கின்னை 98 மில்லிமீட்டர் இடுப்புக்கு ஒட்டி வெட்டும் வேலை பாக்கி, கத்தி கடைக்காரரே கொடுத்துவிட்டார், ஆடும் ரயிலில் அது ஆகாது, வீட்டில் போய்த்தான்.